தண்டல், குழுக்கடன், அடகு நகை: எதை முதலில் முடிப்பது? புருஷன் பெண்டாட்டிக்குள் இதை எப்படிப் பேசுவது?

குழுக்கணக்கு, பேரணாம்பட்டு கேட்டது:

வணக்கம். மகளிர் குழுக்களுக்குக் கணக்கு எழுதும் வேலை. ஒரு குடும்பம் தங்கள் வரவு, கடன் எல்லாவற்றையும் திறந்து காட்டி வழி கேட்டிருக்கிறார்கள். அவர்கள் சம்மதத்தோடு, ஆள் அடையாளம் தெரியாதபடி இங்கே போடுகிறேன். எங்கள் பக்கத்தில் இதே மாதிரிக் கணக்கு வீட்டுக்கு வீடு இருப்பதால் பதில் பலருக்கும் உதவும்.

கணவர் ஆம்பூரில் ஷூ கம்பெனி. பிடித்தம் போகக் கைக்கு 14,800. முன்பு ஓவர்டைம் சேர்த்து 17,500 வந்தது, ஆர்டர் குறைந்ததும் அது நின்றுவிட்டது. மனைவி பீடி சுற்றுகிறார், இடையில் ஜாக்கெட் தையல், இரண்டும் சேர்த்து 4,200. உரிமைத் தொகை 1,000. ஆக மொத்தம் 20,000. கணவரின் அம்மா, எட்டாவதும் நாலாவதும் படிக்கும் பிள்ளைகள் என ஐந்து பேர். வாடகை 3,500.

கடன் பக்கம்:

குழுக்கடன் ஒன்று, மனைவி பெயரில். நிலுவை 31,000, தவணை 2,650, தேதி 7.
குழுக்கடன் இரண்டு, இதுவும் மனைவி பெயரில், வேறு நிறுவனம். நிலுவை 18,000, தவணை 1,950, தேதி 14.
அடகுக் கடையில் 3 பவுன், 2 ரூபாய் வட்டிக்கு 90,000. இரண்டு ரசீது: ஒரு பவுன் செயினுக்கு 30,000, ஒவ்வொரு பவுனில் இரண்டு வளையலுக்கு 60,000. மாத வட்டி 1,800, ஐந்து மாதமாகக் கட்டவில்லை.
தண்டல், கணவர் பெயரில். 20,000 எழுதி 17,000 கையில் வாங்கியது. நாளுக்கு 200 வீதம் 100 நாள். இன்னும் 40 நாள், 8,000 பாக்கி.
செல்போன் தவணை 1,450, இன்னும் ஆறு மாதம்.
ஏலச்சீட்டு 50,000, இருபது மாதம், மாதம் 2,500. பதினொன்று கட்டியாயிற்று, இன்னும் எடுக்கவில்லை.
தீபாவளிச் சீட்டு 500.
மச்சானிடம் கைமாத்து 25,000, வட்டி இல்லை.

எல்லாம் ஒழுங்காகக் கட்டினால் மாதம் 16,850 போய்விடும். மீதி 3,150. அது வாடகைக்கே போதாது.

தண்டல்காரர் வாசலுக்கு வந்த அன்றுதான் அந்தக் கடன் மனைவிக்குத் தெரிந்தது. அதிலிருந்து பேச்சு நின்றுவிட்டது. பிள்ளைகள் மூலமாகத்தான் சேதி போகிறது. மூன்று கேள்விகள். எதை முதலில் முடிப்பது? சட்டப்படி யாருக்கு எவ்வளவு பொறுப்பு? இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேச வைப்பது எப்படி?

காட்பாடி ரிடையர்டு மேனேஜர் பதில்:

தேதியோடு எழுதிக் கொடுத்ததற்கு நன்றி அம்மா. பாதி வேலை அதிலேயே முடிந்தது.

முதலில் எல்லாக் கடனையும் ஆண்டு வட்டிக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் "ரெண்டு வட்டி", "நூறு நாள்", "வாரத் தவணை" என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாஷை பேசும். 2 ரூபாய் வட்டி என்பது ஆண்டுக்கு 24 சதவீதம். தண்டலில் 17,000 வாங்கி நூறு நாளில் 20,000 கட்டுவது, குறைந்துகொண்டே வரும் நிலுவைக்குக் கணக்கிட்டால் 120 சதவீதத்தை ஒட்டி வரும். குழுக்கடனுக்குப் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கு மேல். சரியான எண் கடன் கொடுக்கும்போது தந்த முக்கிய விவரத் தாளில் எல்லாச் செலவும் சேர்த்து ஆண்டு விகிதமாகப் போட்டிருக்கும். அதை வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. இல்லையென்றால் கிளையில் கேட்டு வாங்குங்கள். கைமாத்துக்கு வட்டி இல்லை, சொந்தம் மட்டும்தான் பணயம்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று. வட்டி அதிகமான கடன் எது என்பதும், இப்போது முடித்தால் லாபம் தரும் கடன் எது என்பதும் வேறு வேறு. தண்டலில் வட்டி 3,000-ஐ முதல் நாளே பிடித்துவிட்டார்கள். மிச்சம் 8,000-ஐ இன்று கட்டினாலும் அதே 8,000, நாற்பது நாளில் கட்டினாலும் அதே 8,000. ஆகவே அதை அவசரமாக முடிப்பதில் பைசா மிச்சமில்லை. நகை அப்படியில்லை. மாதா மாதம் 1,800 ஏறிக்கொண்டே இருக்கிறது, ஏற்கெனவே 9,000 பாக்கி. நகையை அடகுக் கடையிலிருந்து வங்கிக்கோ கூட்டுறவு சங்கத்துக்கோ மாற்றுவதுதான் முதல் வேலை. ஆண்டுக்கு 9 முதல் 10 சதவீதத்தில் கிடைக்கும்.

எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம், "திருப்ப 99,000 எங்கே?" என்பது. மொத்தமாகத் தேவையில்லை, ரசீது இரண்டாக இருப்பது இவர்களுக்கு அதிர்ஷ்டம். ஏலச்சீட்டை இந்த மாதம் எடுக்கட்டும். பன்னிரண்டாம் மாதத்தில் 6,000 தள்ளி எடுத்தாலும் 44,000 வரும். அதில் 33,000 கொடுத்துச் செயினைத் திருப்புங்கள் (அசல் 30,000, ஐந்து மாத வட்டி 3,000). கையில் 11,000. செயினை அன்றைக்கே வங்கிக்குக் கொண்டுபோங்கள். கிராம் 9,000 என்று குறைத்தே போட்டாலும் 8 கிராம் 72,000, அதில் முக்கால் பங்கு 54,000. இப்போது கையில் 65,000. வளையல்களைத் திருப்ப 66,000 வேண்டும், ஆயிரம் துண்டு விழும். அதை மட்டும் புரட்டினால் போதும். வளையல் இரண்டும் கைக்கு வந்தபின் ஒன்றை மட்டும் வைத்து 19,000 வாங்குங்கள். புரட்டிய ஆயிரத்தைத் திருப்பிக் கொடுத்து, இரண்டாவது குழுக்கடன் 18,000-ஐ முடியுங்கள். குழுக்கடனை முன்கூட்டியே கட்டினால் அபராதம் வாங்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. வங்கிக் கடன் மொத்தம் 73,000. ஆண்டுக்கு 9.5 என்று வைத்தால் மாத வட்டி 580 ரூபாய். ஒரு வளையல் வீட்டில் இருக்கும்.

தவறு நடக்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். நகைக்கடை போர்டில் பார்த்த விலைக்கு வங்கியில் கடன் வராது. முப்பது நாள் சராசரி, முந்தைய நாள் விலை இரண்டில் எது குறைவோ அதுதான் மதிப்பு. அதுவும் நகையின் கேரட் தரத்துக்கு ஏற்ப, கல், அரக்கு எடை கழித்து. ரிசர்வ் வங்கியின் 2025 விதிகள்படி 2.5 லட்சம் வரையிலான கடனுக்கு மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம், ஆனால் கிளைக்குக் கிளை மாறும். 75-ஐ வைத்தே திட்டம் போடுங்கள். மதிப்பீட்டாளர் எல்லாக் கிளையிலும் நாள் முழுக்க இருக்கமாட்டார், முந்தின நாளே போன் போட்டுக் கேட்டுவிட்டு, நகையைத் திருப்பிய கையோடு காலையிலேயே போங்கள். மொத்தமாகத் திருப்பும் வகை நகைக்கடன் பன்னிரண்டு மாதத்துக்குத்தான். அதுவரை சும்மா இருக்காமல் ஐந்நூறு ஆயிரம் கையில் இருக்கும்போதெல்லாம் அசலில் கட்டலாம், எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்வார்கள்.

நகை மனைவியுடையது என்றால் கடனும் அவர் பெயரில்தான் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆம்பூர் ஷிப்ட் பதில்:

மேனேஜர் சார் சொன்ன நகைக் கணக்கு பக்கா. தண்டல் விஷயத்தில் மட்டும் ஒத்துக்க முடியலை.

அவர் வழியில போனா நாற்பது நாளும் 200 போயிட்டே இருக்கும். முதல் மாசம் பாருங்க: குழு 2,650, போன் 1,450, சீட்டு 2,500, தீபாவளி 500, வங்கி வட்டி 580, தண்டல் 6,000. கூட்டினா 13,680. இருபதாயிரத்துல இது போக 6,320. வாடகை குடுத்தா 2,820. அஞ்சு பேரு ஒரு மாசம் இன்னா பண்ணுவாங்க? ரேஷன் அரிசி இருக்கட்டும், எண்ணெய், பால், கேஸ், பையன் டியூஷன்? பத்தாம் நாள் புதுக் கடன் வாங்கித்தான் ஆகணும். அதனால வளையல் மேல இன்னொரு 8,000 சேத்து வாங்கித் தண்டலை அன்னிக்கே முடிங்க. வங்கிக் கடன் 81,000 ஆகும், வட்டி மாசம் 640 வரும். 60 ரூபாய் கூட. அதுக்கு 6,000 கையில நிக்குது. வட்டி மிச்சம் ஆகாது, சோறு மிச்சம் ஆகும்.

தண்டல்ல பெரிய குழி வேற. அறுபது நாள் கட்டினதும் அவங்களே "புதுசா எழுதிக்கலாமா"ன்னு கேப்பாங்க. புது 20,000 எழுதி 3,000 பிடிப்பாங்க, பழைய பாக்கி 8,000 கழிப்பாங்க, கையில 9,000 வரும். பழைய 8,000-ல வட்டி ஏற்கெனவே ஏறி உக்காந்திருக்கு, அதுக்கு மேல மறுபடி வட்டி. 9,000 ரூபாய்க்கு நூறு நாள்ல 3,000 குடுக்கிற கணக்கு. தண்டலை முடிக்கும்போது நோட்டுல "முழுதும் வரவு"ன்னு எழுதி வாங்கி, குடுத்த புரோநோட்டையும் திருப்பி வாங்கணும்.

சம்பளப் பக்கம் சில விஷயம். ஓவர்டைம் பணத்தை வச்சுத் தவணை ஒத்துக்கவே கூடாது. ஷூ வேலை வெளிநாட்டு ஆர்டரை நம்பினது. 2025 ஆகஸ்டுல அமெரிக்காக்காரன் 50 சதவீத வரி போட்டப்ப எப்படி ஆச்சுன்னு ஊருக்கே தெரியும். அடிச் சம்பளம் 14,800-க்குள்ள தவணை அடங்கணும், ஓவர்டைம் வந்தா அசல்ல போடணும்.

இ.எஸ்.ஐ.ன்னு தொழிலாளர் காப்பீட்டுக்குச் சம்பளத்துல 0.75 சதவீதம் பிடிக்கிறாங்கல்ல, அது மருந்துக்கு மட்டுமில்லை. உடம்பு சரியில்லாம லீவு போட்டா, பங்களிப்புக் காலம்ங்கிற ஆறு மாசத்துல 78 நாள் கட்டியிருந்தா, தினக்கூலியில 70 சதவீதம் வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் வரும். இ.எஸ்.ஐ. மருத்துவர் சர்டிபிகேட் முதல் நாள்லேர்ந்தே வேணும். நிறைய பேர் பிரைவேட்டுல பாத்துட்டு, சம்பளமும் போயி, ஆஸ்பத்திரி பில்லுக்குத் தண்டலும் வாங்கி நிப்பாங்க. வீட்டம்மா, பிள்ளைங்க, சம்பாத்தியம் இல்லாத அம்மா எல்லாரையும் கார்டுல சேத்தாச்சான்னு பாருங்க. அம்மா பேரு விட்டுப்போயிருந்தா கம்பெனி ஆபீஸ்ல சொல்லிச் சேக்கலாம்.

போனஸ் குறைஞ்சது 8.33 சதவீதம். அது வருதுன்னு ஆடி மாசமே கைமாத்து வாங்கிடாதீங்க. அந்தப் பணத்துக்கு மேனேஜர் சார் சொன்ன அசல்ல இடம் இருக்கு.

சத்துவாச்சாரி வக்கீல் பதில்:

சுருக்கமாகச் சொல்கிறேன்.

கணவர் தனியாகக் கையெழுத்துப் போட்ட கடனுக்கு மனைவி பொறுப்பில்லை. மனைவி வாங்கியதற்குக் கணவரும் அப்படியே. ஆனால் குழுக்கடன் பாரத்தில் கணவர் இணைக் கடன்தாரராகவோ ஜாமீனாகவோ கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள், பெரும்பாலும் போட்டிருப்பார். குழுவில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்ற ஏற்பாடும் அந்தத் தாளில்தான் இருக்கும். கடன் கொடுக்கும்போதே காப்பீட்டுத் தொகை பிடித்திருந்தால், அது கணவன் மனைவி இருவரையும் சேர்க்கிறதா என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் இறந்தபின் காப்பீடு இருப்பது தெரியாமல் மற்றவர் தவணை கட்டிக்கொண்டே இருப்பது நடக்கிற ஒன்று.

வசூல் முறை. குழுக்கடன் போன்றவற்றுக்கான ரிசர்வ் வங்கியின் குறுங்கடன் விதிகள் 2022-இல் வந்தன. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் தரும் கடன் இதில் வரும். எல்லாத் தவணைகளும் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் தரக்கூடாது. இந்தக் குடும்பத்துக்குப் பாதி என்றால் 10,000. அடகு வட்டியும் தண்டலும் கணக்கில் வராமலேயே மறைந்ததால்தான் இரண்டாவது கடன் கிடைத்திருக்கும். காலை 9-க்கு முன்போ மாலை 6-க்குப் பின்போ வசூலுக்கு அழைக்கக் கூடாது. தகாத பேச்சு, சொந்தக்காரர் வீட்டில் போய் நிற்பது, பலர் முன் அவமானப்படுத்துவது எல்லாம் தடை. மீறினால் முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார், நகல் வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்பட்ஸ்மேனுக்குப் போகலாம். கட்டணம் கிடையாது, உதவி எண் 14448.

தண்டலுக்கு வேறு சட்டம். தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டம், 2003. தினவட்டி, மீட்டர் வட்டி, கந்து வட்டி, தண்டல் எல்லாம் பெயர் சொல்லியே அதில் இருக்கின்றன. கட்டாய வசூலுக்கு எதிராக 2025-இல் தமிழ்நாடு தனியாக இன்னொரு சட்டமும் கொண்டுவந்தது. மிரட்டல் இருந்தால் காவல் நிலையம். அங்கே எடுக்காவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக மக்கள் குறைதீர் நாளில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். வெற்றுப் புரோநோட்டு, வெற்றுக் காசோலை, ஏ.டி.எம். கார்டு மூன்றையும் யாருக்கும் கொடுக்கக் கூடாது. கொடுத்துவிட்டிருந்தால் காசோலை எண்ணைச் சொல்லி வங்கியில் நிறுத்தச் சொல்லுங்கள். ஆனால் நியாயமாகக் கொடுக்க வேண்டிய பணத்துக்குக் கொடுத்த காசோலையை நிறுத்தினாலும் வழக்கு வரும், அதனால் முதலில் ஒரு வக்கீலைக் கேட்டுச் செய்யுங்கள்.

நகை பற்றி. தாய்வீட்டில் போட்டது, கல்யாணத்தில் பெண்ணுக்கென்று வந்தது எல்லாம் சீதனம், அவருக்கே உரியது. கஷ்டத்துக்குக் கணவர் வாங்கி வைத்தாலும் திருப்பித் தரும் கடமை அவருக்கு உண்டு என்று 2024-இல்கூட உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மனைவிக்குத் தெரியாமல் அடகு வைப்பது, வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் நிறுத்துவது போன்றவை 2005-இன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பொருளாதாரத் துன்புறுத்தலாக வரும். இந்த வீட்டுக்கு அது தேவைப்படும் என்று சொல்லவில்லை, தெரிந்திருக்கட்டும். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவச சட்ட உதவி உண்டு. இங்கே சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், போனில் 15100.

குடும்ப ஆலோசகர், வேலூர் பதில்:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். அதற்கு முன் ஒன்று. அந்த வீட்டில் கைநீட்டல் இருக்கிறதா என்று மனைவியைத் தனியாகக் கேளுங்கள். இருந்தால் இருவரையும் சேர்த்து உட்கார வைக்காதீர்கள். நடுவர் முன்னால் சொன்ன வார்த்தைக்கு ராத்திரி வீட்டில் அடி விழும். அப்படியானால் பெண்கள் உதவி எண் 181-ஐ அழைக்கச் சொல்லுங்கள். இருவரில் யாராவது "செத்துடலாம்போல இருக்கு" என்ற பேச்சை எடுத்தால் அதைச் சும்மா சொல்வதாக நினைக்க வேண்டாம். மனநல உதவிக்கு 104 அல்லது 14416, இரண்டிலும் தமிழில் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். கடன் தாளெல்லாம் அதற்கு அப்புறம்.

அது இல்லையென்றால் இப்படிச் செய்யலாம். குழுத் தவணைத் தேதிகள் 7, 14. இந்தத் தேதிகளுக்கு முந்தின நாளில் பேச்சு வேண்டாம், அன்றைக்கு யாருக்கும் காது இருக்காது. 16-க்கு மேல் ஒரு ஞாயிறு, சாப்பாட்டுக்குப் பின், பிள்ளைகள் விளையாடப் போன நேரம். முதல் தடவை மாமியார் வேண்டாம். மகன் கடன்பட்டான் என்று அம்மா முன்னால் ஒத்துக்கொள்ளச் சொன்னால் அவர் வாயைத் திறக்கமாட்டார், அல்லது பாதியை மறைப்பார். நாற்பது நிமிடம் போதும். நீளமாக இழுத்தால் கல்யாணத்தில் போட்ட பவுன் வரை பேச்சு பின்னால் போகும்.

முதல் உட்காரலில் ஒரே வேலைதான்: மறைந்திருக்கும் கடன் எல்லாம் தாளுக்கு வர வேண்டும். ஒரு பெரிய நோட்டில் ஆறு கட்டம் போடுங்கள். யாரிடம், யார் பெயரில், எவ்வளவு பாக்கி, தேதி, என்ன கொடுத்து வைத்திருக்கிறோம், வேறு யாருக்குத் தெரியும். கடைசிக் கட்டம்தான் முக்கியம். அந்த மனைவிக்குக் கோபம் பெரும்பாலும் 20,000 மேல் இருக்காது, தெருவுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லையே என்பதில் இருக்கும். எழுதும்போது "இன்னாத்துக்கு வாங்கின?" என்ற கேள்வியை இரண்டு பேரும் கேட்கக் கூடாது என்று முன்னாலேயே பேசி வையுங்கள். அந்தக் கேள்வி வந்த நிமிடமே மூன்றாவது கடன் மறைந்துவிடும். மனைவி பக்கத்திலும் மறைப்பு இருக்கலாம். உண்டியல், தங்கச்சிக்குக் கொடுத்தது, குழுவில் வேறொருத்திக்காகத் தன் பெயரில் எடுத்துக் கொடுத்த கடன். இந்தக் கடைசி வகையைக் குறிப்பாகக் கேளுங்கள், எங்கள் பக்கம் அது நிறைய.

ஒருவேளை எழுதி முடித்தபின் தாளில் இல்லாத கடன் இன்னும் இருக்கும் என்று சந்தேகம் இருந்தால், கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். இருவரும் அவரவருடையதை எடுத்து மேசையில் வைப்பது நல்லது. ஒருவர் மற்றவருடையதைத் திருட்டுத்தனமாக எடுப்பது சண்டையைத்தான் கூட்டும். தண்டலும் அடகும் அதில் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒரு வாரம் கழித்து இரண்டாவது உட்காரல். மேலே சார்கள் சொன்ன கணக்கை அப்போது எடுங்கள். முடிவெடுத்தபின் பணம் ஒரே கையில் இருக்க வேண்டியதில்லை. தவணையும் வாடகையும் சம்பளம் வந்த அன்றே ஒரு கணக்கில் ஒதுங்கட்டும், மளிகைப் பணம் மனைவி கையில், வண்டி, பஸ் செலவு கணவர் கையில். இரண்டு பேருக்கும் தலா 300 ரூபாய், அதற்குக் கணக்குக் கேட்கக் கூடாது. இதை வெட்டிச் செலவு என்று முதலில் நீக்கிவிடுவார்கள். டீக்குக்கூட வீட்டில் கைநீட்ட வேண்டியிருந்தால் ஆண் மறுபடி வெளியே கை நீட்டுவார், பெண் மளிகையில் பிடித்து ஒளிப்பார். பழைய கதைதான் திரும்பும். ஒரு வரம்பும் பேசிக்கொள்ளலாம்: ஆயிரத்துக்கு மேல் யாரிடமும் வாங்குவதோ கொடுப்பதோ இருவருக்கும் தெரிந்தே நடக்க வேண்டும். கையெழுத்துக்கு முன்னால் தெரிய வேண்டும், பின்னால் சொல்வது சேராது.

பிள்ளைகளைத் தூது அனுப்புவதை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். "அப்பாகிட்ட பணம் கேளு" என்று எட்டாவது படிக்கும் பிள்ளையிடம் சொன்னால், அது பள்ளி டூருக்குப் பணம் கேட்காமல் உடம்பு சரியில்லை என்று வீட்டில் படுத்துவிடும். அவர்களுக்கு ஒரு வரி போதும்: இந்த வருஷம் கொஞ்சம் இறுக்கமாகச் செலவு செய்கிறோம், பீஸும் சாப்பாடும் நிற்காது.

குழுக்கணக்கு, பேரணாம்பட்டு:

எல்லோருக்கும் நன்றி. கைநீட்டல் இல்லை என்று தனியாகக் கேட்டு உறுதி செய்துவிட்டேன். வக்கீல் அண்ணா சொன்னபடி பாரத்தைப் பார்த்தோம், இரண்டிலும் கணவர் கையெழுத்து இருக்கிறது. இன்னும் ஒரு முடிச்சு. ஆடிக்கு மகளுக்குச் சீர் வைக்காமல் முகத்தில் விழிக்க முடியாது என்று மாமியார் நிற்கிறார். போன வருஷம் 9,000 செலவாம். மருமகள் வேண்டாம் என்றால் "என் பொண்ணுன்னா உனக்கு எரியுது" என்று வரும். கைமாத்து கொடுத்த மச்சானுக்கு என்ன சொல்வது என்பதும் பாக்கி.

குடும்ப ஆலோசகர், வேலூர்:

சீர் வேண்டாம் என்பதை மருமகள் வாயால் சொல்ல வைக்காதீர்கள் அக்கா. மகன்தான் அம்மாவிடம் சொல்ல வேண்டும், அதுவும் தங்கச்சியிடம் முதலில் பேசிவிட்டு. பெரும்பாலான தங்கச்சிகள் "அண்ணா, புடவையும் பூ பழமும் போதும்" என்றுதான் சொல்வார்கள், தங்கள் மாமியார் வீட்டுக்குத்தான் பயப்படுவார்கள். அந்த வீட்டில் பேர் கெடாமல் எதை வைக்கலாம் என்று அவரிடமே கேட்டு, ஒரு தொகைக்குள் முடிக்கட்டும். 2,500 என்று வைத்தால் அதை முதல் உட்காரல் நோட்டிலேயே ஒரு வரியாக எழுதுங்கள். உங்கள் பக்கம் வைகாசி ஒன்று கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஆள் வருவார்கள், ஜூனில் பள்ளி, ஆடியில் சீர், பிறகு தீபாவளி. ஆறு மாதத்துக்குள் நான்கு. நான்குக்கும் தொகை முன்பே போடாவிட்டால் தண்டல்காரர்தான் போடுவார்.

மச்சானிடம் கணவர் நேரில் போகட்டும், மனைவியைத் தனியே அனுப்ப வேண்டாம். "தர்றேன்" என்பதற்குப் பதில் மாதத்தைச் சொல்ல வேண்டும். இருபது மாதச் சீட்டு முடிய இன்னும் எட்டு மாதம். அதற்கு அடுத்த மாதத்திலிருந்து 1,500 வீதம் என்று சொல்லி, சின்னத் தாளில் எழுதியும் கொடுத்தால் சொந்தம் நிற்கும்.

காட்பாடி ரிடையர்டு மேனேஜர்:

ஷிப்ட் தம்பி சொன்ன 8,000-ஐச் சேர்த்தே வாங்குங்கள், ஒரு வளையல் அதற்கும் தாங்கும். வங்கிக்குப் போகும்போது மனைவியின் ஆதார், பான், இரண்டு போட்டோ, அவர் பெயரில் உள்ள பாஸ்புக். பான் இல்லையென்றால் அதற்கான படிவம் கிளையிலேயே கொடுப்பார்கள். அடகுக் கடை ரசீதில் எடை எப்படி எழுதியிருக்கிறது என்று திருப்பும் முன் பாருங்கள், கடையிலேயே எடை போட்டுப் பார்த்து வாங்குங்கள். சீட்டு பதிவு செய்ததா என்று கேட்க மறந்துவிட்டேன். பதிவு பெற்ற சீட்டு என்றால் எடுக்கும்போது சம்பள ஜாமீன் கேட்பார்கள், கம்பெனி சம்பளச் சீட்டு உள்ள இரண்டு பேரை இப்போதே பேசி வையுங்கள். ஏலத்துக்கு முந்தின நாள் தேடினால் கிடைக்காது. பதிவில்லாத ஊர்ச் சீட்டு என்றால், எடுத்த பணம் முழுதாக வங்கிக் கணக்கில் வரட்டும், கையில் பாதி, அப்புறம் பாதி என்பதற்கு ஒத்துக்கொள்ள வேண்டாம்.